அளவுக்கு ஒரு ஆள்

பூட்டைத் திறப்பதற்குள்ளேயே மில்லிமீட்டருக்கு அந்த இடம் பிடிக்காமல் போய்விட்டது. பூட்டு துருப்பிடித்திருந்தது. சாவி கொண்டுவந்த ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் தூங்குமூஞ்சியாக இருந்தான். வராந்தாவில் கருவிப் பெட்டியை வைக்க ஒழுங்கான தரை இல்லை. இதையெல்லாம் அவர் மனசுக்குள் வைத்துக்கொள்ளவில்லை, ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னார். எலக்ட்ரீஷியன் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு, வேலை முடிந்ததும் பூட்டி ஆபீசில் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி நடையைக் கட்டினான். மில்லிமீட்டரோடு ஐந்து நிமிஷம் நின்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் நடையைக் கட்டுவார்கள்.

மில்லிமீட்டர் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. நில அளவை நிறுவனத்தில் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். நான் வைத்த புள்ளி ஒரு மில்லிமீட்டர் தப்பாது என்று அவர் டீ குடிக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி வாங்கிக்கொண்டது. ஒருநாள் யாரோ வாய் தவறி முகத்துக்கு நேராகவே கூப்பிட்டுவிட்டார்கள். மனிதர் அதைப் பாராட்டு என்று நினைத்து நாள் முழுக்க மலர்ந்த முகத்தோடு இருந்தார்.

இப்போது அவர் உயர்நிலை அளவைப் பயிற்சியில் மாணவர். நிறுவனம்தான் அனுப்பியது. தேறிவிட்டால் புதிதாக வாங்கிய லேசர் ஸ்கேனரும், அதோடு ஒரு பிரிவின் தலைமையும் அவருக்கு. மற்றவர்கள் சுரங்கப்பாதை கொஞ்சம் கொஞ்சமாக நெளிவதை எப்படிக் கண்டுபிடிப்பது, கல்குவாரியின் மேல் டிரோனைப் பறக்கவிட்டு எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள் என்று எப்படிக் கணக்கிடுவது என்றெல்லாம் குறிப்பெடுத்தார்கள். இவர் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்லிக்கொடுத்த பெண் இவரைவிட வயதில் சின்னவள். அது ஒன்றே போதும், அவள் சொன்ன எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதற்கு.

முதல் நாளே அவள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கருவி எதைப் பார்த்ததோ அது மூலக்கோப்பில் அப்படியே இருக்க வேண்டும். சுத்தம் செய்வதெல்லாம் நகல் எடுத்து அதில்தான். மூலத்தில் அழித்தால் அது அழிந்தது அழிந்ததுதான். மில்லிமீட்டர் பக்கத்தில் இருந்தவரிடம், இது எல்.கே.ஜி. பாடம் என்றார்.

பயிற்சியின் கடைசி வேலையாக ஆளுக்கு ஒரு கட்டடம் கொடுத்தார்கள். இவருக்கு வந்தது ஊர் ஆஸ்பத்திரியில் பல வருஷமாக மூடிக் கிடக்கும் ஆண்கள் வார்டு. இடிக்காமல் உள்ளே மட்டும் மாற்றிக் கட்டப் போகிறார்கள். அதற்கு முன்னால் சுவர், தூண், உத்தரம் எல்லாம் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே அளந்து தர வேண்டும்.

உதவிக்குக் கூட்டிவந்தது மச்சினனை. மனைவியின் தம்பி, முப்பது வயது. தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கப் போனான், ஒன்றும் விற்கவில்லை. செல்போன் கடையில் உட்கார்ந்தான், கடையையே மூடிவிட்டார்கள். டிராவல்ஸில் சேர்ந்து ஒரு கல்யாணக் கூட்டத்தையே வேறு ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தான். மில்லிமீட்டர் அவனுக்கு வைத்த பெயர் சைபர். வீட்டில், ரோட்டில், விருந்தாளிகள் முன்னால், எங்கேயும் சைபர்தான். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். அப்படிச் சிரிக்கிறவன்மேல் பரிதாபப்பட வேண்டும் என்று மில்லிமீட்டருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனை வளர்த்தவள் அக்காதான். அவளுக்கு என்று இருந்த ஒரே சொந்த ரத்தம் அவன். அன்று காலையில் வாசல் வரை வந்தாள்.

"திட்டணும்னா திட்டிக்கோங்க. ஆனா எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ அப்படியே கூட்டிட்டு வந்துடுங்க."

"உன் தம்பியை யாரு தூக்கிட்டுப் போகப் போறா? கொடுத்தாலும் திருப்பிக் கொண்டுவந்து விட்டுருவாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வார்டு நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள், மெத்தை இல்லாமல். ஜன்னல் கண்ணாடிகளுக்கு யாரோ ஒரு காலத்தில் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, உள்ளே குளத்தின் அடியில் இருப்பதுபோல ஒரு வெளிச்சம். பினாயில் வாடை இன்னும் போகவில்லை. அதற்குக் கீழே ஈரச் சுண்ணாம்பு வாடை. அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது, வெகுநாள் ஒரே இடத்தில் படுத்துக் கிடந்த உடம்பின் வாடை. மச்சினன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டான். மில்லிமீட்டர் அதற்கும் ஒரு சொல் சொன்னார்.

ஸ்கேனர் வேலை செய்கிற விதம் எளிமையானது. முக்காலியின் மேல் உட்கார்ந்து தலையைச் சுற்றும். சுற்றும்போது நாலா பக்கமும் லேசர் ஒளியை அனுப்பும். ஒளி எதில் பட்டுத் திரும்புகிறதோ அது ஒரு புள்ளி. அப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து டேப்லெட் திரையில் அந்த அறையே மேகம் மாதிரி நிற்கும். அளந்து முடித்ததும் இன்னொரு சுற்று சுற்றிப் போட்டோ எடுக்கும். போட்டோவில் இருக்கும் நிறத்தைப் புள்ளிகளுக்குப் பூசும். கருவி சுற்றும்போது ஆள் யாரும் அதன் கண்ணில் படக்கூடாது. பட்டால் அவனையும் அளந்துவிடும், அதற்குத் தூணும் ஒன்றுதான் மனிதனும் ஒன்றுதான்.

மச்சினன் வெள்ளை உருண்டைகளை ஸ்டாண்டுகளில் அங்கங்கே வைத்தான். ஒரு ஸ்கேனையும் அடுத்த ஸ்கேனையும் பொருத்துவதற்கு அவைதான் அடையாளம். பிறகு இருவரும் வராந்தாவுக்கு வந்து நின்றார்கள். உள்ளே கருவி சுற்றும் மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்டது.

திரையில் வார்டு வந்தது. கட்டில்கள், ஜன்னல்கள், உத்தரங்கள்.

கடைசிக் கட்டிலில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

தலை, தோள், மடக்கிய முழங்கால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் நிறம் மட்டும் அவனுடையது இல்லை. பின்னால் இருந்த சுவரின் காரை பெயர்ந்த வெள்ளை அவன் உடம்பு முழுவதும் பூசியிருந்தது. அளக்கும்போது அங்கே இருந்துவிட்டு, போட்டோ எடுக்கும்போது எழுந்து போயிருந்தால் இப்படித்தான் ஆகும். வகுப்பில் இதைப் படமாகவே காட்டினார்கள்.

"எப்படா உள்ள போனே?"

"நான் உங்க பக்கத்துலதானே மாமா நின்னேன்."

அவன் பக்கத்தில்தான் நின்றான் என்பது மில்லிமீட்டருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் எங்கே நிற்கிறான் என்று கவனிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. பொய் வேறு சொல்கிறாயா என்று கேட்டுவிட்டு, உருவத்தைச் சுற்றி விரலால் வட்டம் போட்டு அழித்தார். நகல் எடுக்கவில்லை. மூலக்கோப்பிலேயே அழித்தார். நகல் எடுப்பதெல்லாம் கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு.

கருவியை நடுவில் நகர்த்தி இரண்டாவது ஸ்கேன் ஓட்டினார்கள். இந்தத் தடவை ஆள் நின்றுகொண்டிருந்தான். வார்டின் பாதி தூரம் வந்திருந்தான். ஒரு ஜன்னலின் பச்சைக் கண்ணாடி அவன் நெஞ்சின் மேல் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னல் கம்பி.

மச்சினன் குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, உள்ள யாரோ இருக்காங்க. போயிடலாம்."

மில்லிமீட்டர் சிரித்தார். வேலை செய்யாமல் தப்பிக்கிறவன் எத்தனை காரணம் சொல்வான் என்று அவருக்குத் தெரியும், இதில் பேய் பிசாசு ஒன்றுதான் பாக்கி இருந்தது என்றார். அந்த உருவத்தையும் அழித்தார். அழித்தபோது உள்ளே எங்கோ ஒரு கட்டிலின் கால் தரையில் இழுபட்டது. எலி என்றார்.

அப்போது மச்சினன் சொன்னதுதான் அன்று அந்த இடத்தில் யாரும் சொன்னதிலேயே புத்தியான வார்த்தை. அவன் உள்ளே கருவிக்கு நேர் எதிரில், அசையாமல், வேலைக்காகப் போட்டிருந்த ஆரஞ்சு ஜாக்கெட்டோடு நிற்பானாம். அவன் எங்கே இருக்கிறான் என்பதில் அப்போது சந்தேகம் வராது. அதற்கப்புறமும் இன்னொரு ஆள் விழுந்தால் தன்னை நம்ப வேண்டும் என்றான். கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் நிற்கிறேன் என்றான். மில்லிமீட்டர் ஒத்துக்கொண்டார், அவன் மூக்கு உடைவதைப் பார்க்கும் ஆசையில்.

அவனைக் கட்டில்களுக்கு நடுவில் நிறுத்தி, ஸ்கேனரை ஓடவிட்டு வெளியே வந்தார். வந்ததும் மேனேஜரிடமிருந்து போன். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார் மேனேஜர். இதற்கு மில்லிமீட்டர் சுருக்கமாகப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. வார்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தனக்கு இந்தப் பயிற்சியே தேவையில்லை என்பதிலிருந்து தொடங்கினார்.

உள்ளேயிருந்து "மாமா" என்று ஒரு குரல் கேட்டது.

அவர் திரும்பாமல் கையைப் பின்னால் ஆட்டி, இரு என்றார்.

"மாமா."

யாரோ ஓடும் சத்தம். வாசலை நோக்கி ஓடிவருகிற சத்தம்.

அது பாதியில் நின்றுவிட்டது.

பிறகு போட்டோ எடுக்கும் கிளிக், கிளிக், கிளிக். அவர் போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

பேசி முடித்துவிட்டு உள்ளே போனபோது மச்சினன் நிறுத்திய இடத்திலேயே நின்றிருந்தான். ஒரு அங்குலம் நகரவில்லை. கை நடுங்கவில்லை. வியர்வைகூட இல்லை.

திரையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் கட்டில்களுக்கு நடுவில், பளிச்சென்று ஆரஞ்சு ஜாக்கெட்டில். இன்னொருவன் வாசலுக்குப் பக்கத்தில், வெறும் சுவர் நிறத்தில். இடுப்புக்குக் கீழே அவன் உருவம் கலைந்திருந்தது, அளக்கும்போது ஓடியிருக்கிறான். ஒரு கை வராந்தாவை நோக்கி நீண்டிருந்தது. வாய் திறந்திருந்தது.

"கொட்டாவி விட்டிருக்கே பாரு" என்றார் மில்லிமீட்டர். "நடுவுல நகர்ந்திருக்கே. அதான் ரெண்டு தடவை விழுந்திருக்கே."

"ஆமா மாமா. நான்தான் நகர்ந்தேன்."

மறு பேச்சு பேசாமல் ஒத்துக்கொண்டது மில்லிமீட்டருக்குப் பிடித்திருந்தது. முதலில் சுவர் நிறத்தில் இருந்தவனைச் சுற்றி வட்டம் போட்டார். திரும்பப் பெற முடியாது, நீக்கலாமா என்று திரை கேட்டது. நீக்கலாம் என்றார். அடுத்து ஆரஞ்சு ஜாக்கெட்டின் மேல் விரலைக் கொண்டுபோனபோது அவன் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"அது இருக்கட்டும் மாமா. அளவுக்கு ஒரு ஆள் இருந்தா பார்க்கிறவங்களுக்குக் கட்டடம் எவ்வளவு உயரம்னு தெரியும்."

மில்லிமீட்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் சைபர் வாயிலிருந்து உருப்படியாக வந்த முதல் யோசனை. படங்களில் அளவு தெரிய ஒரு ஆளை நிறுத்துவது தொழிலில் வழக்கம்தான். அழிக்காமல் விட்டார்.

திரும்பும்போது அவன் முக்காலியையும் பெட்டியையும் ஒரே கையில் தூக்கினான், மூச்சு வாங்கவில்லை. வண்டியில் பாட்டுப் போடச் சொல்லவில்லை, பசிக்கிறது என்று புலம்பவில்லை. மில்லிமீட்டர் வழி நெடுகத் தன் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவன் சரியான இடங்களில் ஆமா மாமா என்றான். ஒரு வழியாகப் பையனுக்குப் புத்தி வந்துவிட்டது, நம்மோடு இரண்டு மணி நேரம் இருந்ததே போதும் என்று அவருக்கு ஒரே திருப்தி.

மனைவி கதவைத் திறந்தாள். தம்பியைப் பார்த்தாள். செருப்பை ஜோடியாக, சுவரை ஒட்டி, நேராக வைத்துவிட்டு அவன் உள்ளே போனான். கை கழுவினான். போட்டதைச் சாப்பிட்டான். தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்தான்.

அவள் கணவரைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"என் தம்பி எங்கே?"

அவர் ஹாலைக் காட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லாத்தையும் சரியாச் செய்யுறான்ங்க. என் தம்பி எதையுமே சரியாச் செஞ்சதில்லை. நீ சாப்பிட்டியான்னு என்னைக் கேக்குறான். அவன் என்னைக்குக் கேட்டிருக்கான்?"

மில்லிமீட்டர் அவளுக்குப் பைத்தியம் என்றார். உருப்படாமல் இருந்தாலும் அழுகிறாய், உருப்பட்டாலும் அழுகிறாய் என்றார். அவள் அழவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவனுக்கு எந்தப் பக்கம் பல் உடைந்திருக்கிறது? நடக்கும்போது எந்தத் தோள் இறங்கும்? கண் என்ன கறுப்பா, பழுப்பா?

உலகத்தில் எந்தச் சுவர் எத்தனை மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய மனிதர். பத்து வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டவனின் முகத்தை நினைத்துப் பார்த்தார். சிரிப்புச் சத்தம் மட்டும் நினைவுக்கு வந்தது. முகம் வரவில்லை.

"ஒரு தடவையாவது அவன் மூஞ்சியைப் பார்த்துப் பேசியிருந்தாத்தானே உங்களுக்குத் தெரியும்" என்றாள். "பயந்தா முழங்கால்ல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு மூலையில உட்கார்ந்துடுவான் அவன். எங்கே விட்டீங்களோ அங்கேயே போங்க. கூட்டிட்டு வாங்க."

அவள் அன்று தூங்கவில்லை. சமையலறை நாற்காலியில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹாலில் இருந்தவனும் தூங்கவில்லை. மில்லிமீட்டர் ஒருதரம் எட்டிப் பார்த்தார். நேராக உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான், அளக்கிறவன்போல.

அப்போதுதான் பயம் வந்தது. காலம் கடந்து வந்தாலும் முழுசாக வந்தது.

காலையில் முதல் வேலையாகப் பயிற்சி கொடுத்த பெண்ணுக்குப் போன் செய்தார். அழித்த உருவத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று கேட்டார். நகல் எடுத்தீர்களா என்றாள். இல்லை என்று சொல்ல நேர்ந்தது. அந்த ஒரு சொல்லை அவளிடம் சொல்வதற்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்தால், மச்சினன் போனதைவிட அதுதான் பெரிய துக்கமோ என்று தோன்றும். அவள் கோபப்படவில்லை. மறுபடி அங்கேயே போய் அளந்து பாருங்கள், ஒரே இடத்திலிருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், கருவியை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள் என்றாள். சரி என்று வைத்துவிட்டு, பெரிய கண்டுபிடிப்பு என்று முணுமுணுத்தார்.

வார்டில் வெளிச்சம் நேற்றைப் போலவே இருந்தது. வாடை மட்டும் கூடியிருந்தது. முக்காலியை நிறுத்தும்போது கை வழுக்கியது. கருவியை ஓடவிட்டு வராந்தாவில் நின்றார். இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை. காலிக் கட்டில்கள், தூசி, பச்சை வெளிச்சம். கண்ணால் பார்த்தவரை ஒரு ஈ காக்கைகூட இல்லை.

திரையில் வார்டு வந்தது. ஆள் யாரும் இல்லை.

ஆனால் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது.

நேரில் பார்த்தால் ஓட்டை இல்லை, முழுச் சுவர். திரையில் மட்டும் அந்த இடத்தில் புள்ளியே விழவில்லை, கறுப்பாக இருந்தது. தலை, தோள், தொங்கும் இரண்டு கை. எதையாவது லேசர் ஒளியின் குறுக்கே நிறுத்தினால் அதன் பின்னால் இருக்கும் சுவருக்கு ஒளி போகாது, நிழல்போலக் கறுப்பு விழும். குறுக்கே நிற்பது திரையில் தெரியும், பின்னால் கறுப்பு தெரியும். இங்கே கறுப்பு மட்டும் இருந்தது. குறுக்கே யாரோ நிற்கிறார்கள். கருவியால் அவரை அளக்க முடியவில்லை.

அழித்தால் அழிந்ததுதான்.

மில்லிமீட்டர் திரைக்குக் கிட்டே குனிந்தார். கடைசிக் கட்டிலின் மேலும் திரையில் சின்னதாக ஒரு கறுப்பு இருந்தது, குத்துக்காலிட்டு முகத்தை முழங்காலில் புதைத்தவன் அளவுக்கு. அதைத் தூணின் நிழல் என்று தள்ளிவிட்டார். நேற்று அவர் அழித்தது ஒரு உருவத்தை அல்ல, மூன்றை என்பது அவருக்கு நினைவே வரவில்லை. கருவியை வேறு இடத்தில் வைத்து இன்னொரு தரம் ஓட்டிப் பார்க்கவும் இல்லை. ஓடிவந்தவனை அழித்தது வாசலுக்குப் பக்கத்தில், நிற்பதும் வாசலுக்குப் பக்கத்தில், இதில் இன்னும் பார்க்க என்ன இருக்கிறது? அவருக்கு ஒரு தரம் போதும், எப்போதுமே போதும்.

வெறும் காற்றைப் பார்த்து, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, மச்சினனை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"வாடா. அக்கா தேடுறா. தப்பு என்மேலதான், வா போலாம்."

கடைசிக் கட்டிலின் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வாசலை நோக்கி நடந்தார். பின்னால் ஒரு காலடி, அப்புறம் இன்னொரு காலடி, கூடவே வந்தது.

வண்டியில் பக்கத்து சீட் மெல்ல அமுங்கியது. மில்லிமீட்டருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். இனிமேல் சைபர் என்று கூப்பிட மாட்டேன் என்றார். தொழிலைச் சரியாகக் கற்றுத் தருகிறேன் என்றார். தன்னைப்போல ஒரு மனிதர் இறங்கிவந்து மன்னிப்புக் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் நடுவில் நினைவுபடுத்திக்கொண்டார். பக்கத்து சீட்டிலிருந்து அந்த நெடுநாள் படுத்த வாடை வந்துகொண்டே இருந்தது. பாவம், ஒரு இரவு முழுக்க அங்கே கிடந்திருக்கிறான் என்று கண்ணாடியை இறக்கிவிட்டார்.

அவர் அழைப்பு மணியை அடிப்பதற்கு முன்பே மனைவி கதவைத் திறந்தாள். நேற்றுக் கட்டியிருந்த அதே சேலை. அவள் தோளுக்கு மேலே ஹால் தெரிந்தது, சோபாவில் அவன் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார் மில்லிமீட்டர். வேலை ஒன்றைச் சரியாக முடித்த பெருமை அவர் குரலில் அப்போதும் இருந்தது.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், படிக்கட்டில், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகம் மலர்ந்தது. கை முன்னால் நீண்டது.

பிறகு அந்தக் கை அப்படியே நின்றது. கீழிருந்து மேல் வரை நிதானமாகப் பார்த்தாள், பெற்றவள் பார்ப்பதுபோல.

"இதுவும் அவன் இல்லைங்க" என்றாள்.

அவரை உரசிக்கொண்டு குளிர்ந்த ஏதோ ஒன்று வீட்டுக்குள் போனது. உள்ளே சோபாவில் இருந்தவன் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தான்.